பேசும் தராசு இருந்த ஊர்

புதுச்சேரியில் விநோதமான கடை ஒன்று இருந்தது. அரிசி, பருப்பு, மிளகாய் எதுவும் அங்கே கிடைக்காது. இருந்தது ஒரு தராசு மட்டும்தான். வருகிறவர்கள் பண்டத்துக்குப் பதிலாகக் கேள்வியைத் தட்டில் வைப்பார்கள். தெய்வத்தைப் பற்றி ஒருவர், மொழியைப் பற்றி இன்னொருவர், ஐரோப்பாவில் நடக்கிற யுத்தத்தைப் பற்றி வேறொருவர். தராசு நிறுத்துப் பார்த்துவிட்டு வாய் திறந்து பதில் சொல்லும். சில நேரம் கேட்டவரையே மடக்கிக் கேட்கும்.

இந்தக் கடை ஊரின் எந்தத் தெருவிலும் இல்லை. சுதேசமித்திரன் பத்திரிகையின் பத்திகளில் இருந்தது. கடை போட்டவர் சுப்பிரமணிய பாரதி. 1915 முதல் ‘தராசு’ என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைகளை இன்று படித்தாலும் அந்தக் கடைவாசலில் நாமும் நிற்பதுபோல் இருக்கிறது. தத்துவம் பேச எத்தனையோ வடிவங்கள் இருந்தன. சூத்திரம் எழுதியிருக்கலாம், உரை எழுதியிருக்கலாம். அவர் மளிகைக் கடையைத் தேர்ந்தெடுத்தார். செட்டியார் வருவார், சேட்டு வருவார், பள்ளிக்கூடத்துப் பையன் வருவான், எவரும் வரலாம். கேள்வியோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீடு இப்போது நினைவகம். போன மாதம் ஒரு பிற்பகலில் போனேன். வெளியே தெருவில் வெயில் கொதிக்க, உள்ளே முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நல்ல குளிர்ச்சி. சுவரெல்லாம் புகைப்படங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து மீசையையும் முண்டாசையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதர் இந்த ஊரில் பத்து ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்ற யோசனையோடு வெளியே வந்தேன். கவிதை எழுதினார் என்று சொல்லியிருப்பார்கள். அது பாதி பதில். சிந்திப்பதை ஊர்ப் பொதுவாக்க முடியுமா, அப்படிப் பொதுவான சிந்தனை ஓர் அரசை எதிர்த்து நிற்குமா என்று அவர் சோதித்துப் பார்த்தார். அந்தச் சோதனை அவருக்கு முன்பே இந்த ஊரில் தொடங்கிவிட்டது. அவருக்குப் பிறகும் நிற்கவில்லை.

ஒரு ஜோடி செருப்பு

முதலில் ஒரு வழக்கறிஞரின் காலிலிருந்து தொடங்க வேண்டும்.

1873ஆம் ஆண்டு. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற புதுச்சேரி வழக்கறிஞர் ஐரோப்பிய மாதிரி மூடிய செருப்பும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். அந்தக் காலத்தில் இந்தியர்கள் அங்கே அப்படிப் போகக் கூடாது. வெறுங்காலோடு நிற்பதுதான் மரியாதை என்பது வழக்கம். நீதிபதி ஏற்கவில்லை; பொன்னுத்தம்பி தண்டிக்கப்பட்டார். அவர் செருப்பைக் கழற்றவில்லை. வழக்கைப் பாரிஸில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை கொண்டுபோனார். வென்றார்.

இதை வெறும் உடைப் பிரச்சினை என்று தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களை பிரெஞ்சுக் குடியரசு தன் கட்டடங்களின் நெற்றியில் எழுதிவைத்திருந்தது. பெரிய தத்துவம்தான். ஆனால், புதுச்சேரி நீதிமன்றத்தின் வாசற்படியில் அந்தத் தத்துவத்துக்குப் பொருள் என்ன என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார். பொன்னுத்தம்பி வாய்ப்பேச்சாகக் கேட்கவில்லை, காலில் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்ட பிறகு குடியரசால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்னாளில் அவர் ‘லாபோர்த்’ என்று குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார். பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். 1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணைப்படி, இந்து, இஸ்லாமிய, சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை யார் வேண்டுமானாலும் ஏற்கலாம் என்றானது. அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தவர்களில் பொன்னுத்தம்பியும் ஒருவர். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் கணிசமாக அவர் பின்னால் போனார்கள். சாதி இந்துக்களின் தலைவராக இருந்த சண்முக வேலாயுத முதலியார் முழுமூச்சாக எதிர்த்தார். தேர்தல் பட்டியல்களை ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு குடியரசும் தன் சமத்துவத்தைக் கூறுபோட்டது. புதுவை வரலாற்றின் இந்தப் பக்கம் பாடப் புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. வர வேண்டும்.

அதே 1881இல், ஜூலை 29ஆம் தேதி, பாரிஸில் இன்னொரு சட்டம் நிறைவேறியது. பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். அது குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டம் சென்னையிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை இந்த ஊருக்கு இழுத்து வந்தது.

அச்சிட அனுமதி உண்டு, அனுப்ப வழியில்லை

1908இல் ‘இந்தியா’ வார இதழின் மீது சென்னை அரசு பாய்ந்தது. பெயரளவில் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. எழுதியவர் பாரதி என்பது எல்லாருக்கும் தெரியும். நண்பர்கள் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். இதழை நடத்திய மண்டையம் குடும்பத்தார் அச்சகத்தையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்டோபரில் ‘இந்தியா’ மறுபடியும் வரத் தொடங்கியது, பிரெஞ்சுக் கொடியின் நிழலில்.

அந்த மண்டையம் குடும்பத்தில் ஓர் இளைஞரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. எம்.பி.டி. ஆச்சார்யா. பத்திரிகையை வெளியிடுவதில் உடனிருந்தவர், அந்த ஆண்டே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லண்டனில் இந்தியா ஹவுஸ், பிறகு பெர்லின், பிறகு 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் நிறுவனர்களில் ஒருவர். அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதை ஏற்க முடியாமல் அங்கிருந்தும் விலகி, அரசே கூடாது என்னும் அராஜகவாதத்துக்குப் போனார். 1954இல் பம்பாயில் இறந்தார். புதுச்சேரியின் ஓர் அச்சகத்தில் மை படிந்த கை, உலகத்தின் ஒவ்வொரு புரட்சியையும் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டது. தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

‘இந்தியா’வின் கதைக்கு வருவோம். பிரெஞ்சு அரசு அதைத் தடை செய்யவில்லை. ஆனால், அதைப் படிக்க வேண்டியவர்கள் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் சென்னையிலும் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அந்த இதழ் நுழையக் கூடாது என்று ஆங்கில அரசு ஆணையிட்டது. தபாலில் பறிமுதல் செய்தது. 1910 மார்ச்சோடு இதழ் நின்றது. அச்சகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், சட்டம் பாதுகாப்பாக இருந்தது. வாசகரிடம் போகும் வழிதான் அடைபட்டது. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பேசுகிறவரின் உரிமையோடு நின்றுவிடுகிறோம். கேட்கிறவரின் காது எங்கே இருக்கிறது, அதற்கும் வாய்க்கும் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அரசுகளுக்கு எப்போதும் முக்கியம். ஆங்கில அரசுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒற்றர்கள் வாடகைக்கு வீடு பிடித்து எதிரும் புதிருமாகக் குடியேறினார்கள். கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டன. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நெருக்கடி இன்னும் கூடியது. அயல்நாட்டார் ஊருக்குள் தங்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் உறுதி கொடுக்க வேண்டும் என்று புதிய விதி வந்தது. கலவை சங்கரன் செட்டியார் முயற்சியில் கையெழுத்துகள் கிடைத்தன. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி வந்திறங்கிய அரவிந்தருக்கு முதலில் தங்க இடம் கொடுத்ததும் அவர் வீடுதான். பாரதியின் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விடுவாராம். பாரதியோடு பழகிய வ.ரா. எழுதியிருக்கிறார். தத்துவவாதிகளின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. வாடகையைப் பொறுத்துக்கொண்டவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும் இல்லாமல் அந்தத் தத்துவம் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

பத்திரிகை வழி அடைபட்டதும் பாரதி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தபால் வண்டி தேவைப்படாத வடிவங்களுக்குப் போனார். பாரதக் கதையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கதையிலிருந்து சபையில் இழுத்துவரப்பட்ட ஒரு பெண்ணை எடுத்தார். தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று அவள் கேட்கும் கேள்வி ஒரு சட்டக் கேள்வி, அறக் கேள்வி, அதோடு ஓர் அடிமை நாட்டின் கேள்வி. ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912இல் வந்தது. எந்தத் தபால்காரரும் பறிமுதல் செய்ய முடியாத சரக்கு அது. மனப்பாடமாகப் போய்ச் சேர்ந்தது.

அதே காலத்தில் வ.வே.சு. ஐயரும் இங்கே இருந்தார். யுத்தம் தொடங்கியதும் தஞ்சம் புகுந்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இன்றோ நாளையோ கப்பலேற்றுவார்கள் என்ற நிலையில் அவர் உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1916இல் நூல் வெளியானது. துப்பாக்கி சுடப் பழக்கியவர் என்று ஒற்றர் குறிப்புகளில் பெயர் பெற்ற ஒருவர், தன் கடைசி வேலை என்று நினைத்து எடுத்துக்கொண்டது குறளை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரி நகரை நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. கிழக்கே கடற்கரைப் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம் என்று அவர்கள் பெயர் வைத்த தமிழர் பகுதி. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு மேற்கே இருக்கிறது. அரவிந்தர் 1913இலிருந்து குடியிருந்த பிரான்சுவா மர்த்தேன் தெரு கிழக்கே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். பாரதி மாலை நேரங்களில் அப்படித்தான் போனார். இருவரும் சேர்ந்து வேதப் பாடல்களைப் படித்தார்கள்.

1914 ஆகஸ்ட் 15இல், முதல் உலகப் போர் தொடங்கிய சில நாட்களில், அரவிந்தர் ‘ஆர்யா’ மாத இதழைத் தொடங்கினார். 1921 ஜனவரிவரை ஆறரை ஆண்டுகள், ஏறக்குறைய ஒரே ஆளாக எழுதினார். அவருடைய பெரிய நூல்களான ‘தெய்வ வாழ்க்கை’, ‘யோக சமன்வயம்’, ‘கீதைக் கட்டுரைகள்’, ‘மனித ஒற்றுமையின் இலட்சியம்’ எல்லாம் அதில் தொடராக வந்தவை. இருபதாம் நூற்றாண்டு இந்தியத் தத்துவத்தில் அதற்கு ஈடான உழைப்பு குறைவு.

அரசியலுக்கும் அவர் புதியவர் இல்லை. வங்கத்தில் ‘வந்தே மாதரம்’ இதழில் 1907இலேயே சாத்வீக எதிர்ப்பைக் கோட்பாடாக வகுத்து எழுதியவர். ஒரு மக்கள் கூட்டம் எப்போது ஒத்துழைக்க மறுக்கலாம், அந்த மறுப்புக்கு எல்லை எது என்று அங்குலம் அங்குலமாக யோசித்தவர். அலிப்பூர் குண்டு வழக்கில் ஓராண்டு சிறையிலிருந்து 1909 மே மாதம் விடுதலையானவர். புதுச்சேரியில் அவர் வீட்டைச் சோதனையிட வந்த பிரெஞ்சு நீதித்துறை அதிகாரி, மேசையில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு, சோதனையை மறந்து மரியாதையோடு திரும்பினார் என்பது ஆசிரம வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் சம்பவம்.

அந்தச் சம்பவத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கிரேக்கம் படித்த வீட்டைப் பார்த்து அதிகாரி தலை வணங்கினார், சரி. தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் இருந்த வீட்டில் அதே மரியாதை கிடைத்திருக்குமா? ‘ஆர்யா’ ஆங்கிலத்தில் வந்தது. வாய்க்காலின் மேற்கே, மில் சங்கு ஊதும்போது எழுந்து ஓடிய தொழிலாளியிடம் அது போகவில்லை, போக முயலவும் இல்லை. அரவிந்தரின் தத்துவம் சிறியது என்று சொல்ல வரவில்லை. ஆனால், அது நீண்ட காலத்துக்காக, தேர்ந்த வாசகருக்காக எழுதப்பட்டது. அதே மாதங்களில் நடந்தே போகும் தூரத்தில் பாரதியின் தராசு தட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் அரசியல் எதிர்ப்புக்கு எது பயன்பட்டது என்று கேட்டால் நான் தராசுப் பக்கம் நிற்பேன்.

தராசுக்கும் ஒரு குரு உண்டு. குள்ளச்சாமி என்று ஊர் அழைத்த ஒரு சித்தர் புதுவைத் தெருக்களில் திரிந்தார். ஒருநாள் முதுகில் அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தாராம். இது என்ன கோலம் என்று பாரதி கேட்டதற்கு, நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்ற பொருளில் பதில் வந்ததாம். ‘பாரதி அறுபத்தாறு’ படித்தவர்களுக்கு இது தெரியும். வேதமும் கீதையும் பதஞ்சலியும் மொழிபெயர்த்த ஒருவர், தெருவில் குப்பை சுமந்த ஒருவரிடம் பாடம் கேட்டு, அதை மறைக்காமல் எழுதினார். அறிவு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் பாய வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை அவர் அங்கே கலைத்தார்.

கலைத்ததில் குறையும் இருந்தது. 1913இல் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். கனகலிங்கம் பின்னாளில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று நன்றியோடு நூலே எழுதினார். எல்லா உயிரும் ஒன்று என்ற வேதாந்தத்தை வாயளவில் விடாமல் ஒரு மனிதனின் தோளில் போட்டுக் காட்டிய துணிச்சலை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் கேள்வி எழுகிறது: எல்லாரையும் பூணூலுக்கு உயர்த்துவதா சமத்துவம், பூணூலுக்கே மதிப்பில்லாமல் ஆக்குவதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் புதுச்சேரிக்காரர்களே. பாரதியின் மாணவர் கனக சுப்புரத்தினம், பள்ளி ஆசிரியர், பாரதிதாசன் என்று பெயரையே மாற்றிக்கொண்டவர். குருவின் சக்தி வழிபாட்டில் தொடங்கி, பெரியாரின் பகுத்தறிவுக்கு வந்து சேர்ந்தார். 1930இல் இங்கிருந்து சுயமரியாதை இயக்கத்தின் ‘புதுவை முரசு’ வெளிவந்தது. கடவுளிலிருந்து சமத்துவத்தைப் பெற்றவர் குரு. கடவுளை விலக்கிச் சமத்துவத்தைப் பெற்றவர் சீடர். ஆனாலும் சீடர் குருவின் பெயரைக் கடைசிவரை கழற்றவில்லை. மறுத்துக்கொண்டே மதிப்பது எப்படி என்று இந்த ஊரில் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

எட்டு மணி நேரம்

முதலியார்பேட்டையில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரோடியர் மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரோடியர் மில் என்பது ஊர்ப் பெயர். பலகையில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி. அவருடைய அப்பாவும் மில்காரர்.

“எட்டு மணி நேரம்னா சும்மா வந்துச்சா தம்பி?” என்றார். “இருட்டுல போவாங்களாம், இருட்டுல வருவாங்களாம். எங்க அப்பாவை நான் வெளிச்சத்துல பார்த்ததே ஞாயித்துக்கிழமைதான்னு எங்க பெரியக்கா சொல்லும்.”

1911இல் பிறந்த வ. சுப்பையா இந்த ஊரின் பிள்ளை. 1934 பிப்ரவரி 17இல் காந்தியைப் புதுச்சேரிக்கு வரவழைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். மார்க்சியம் படித்தவர். அவர் செய்தது எளிமையாகத் தோன்றும், ஆனால் கடினமான காரியம். உபரி மதிப்பு, உழைப்பு நேரம் என்ற கோட்பாட்டுச் சொற்களை சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று மில்களின் வாசலுக்குக் கொண்டுவந்து, அப்பாவை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு இணைத்தார்.

1936 ஜூனில் பாரிஸில் மக்கள் முன்னணி அரசு வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம், சம்பளத்தோடு விடுமுறை. புதுச்சேரியிலும் பறந்தது அதே மூவண்ணக் கொடிதான். அப்படியானால் எங்களுக்கு ஏன் இல்லை? பொன்னுத்தம்பி செருப்போடு கேட்ட அதே கேள்வியை இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் மில்லுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். ஜூலை 30ஆம் தேதி படை வந்தது. சவானா மில்லில் சுட்டார்கள். 12 தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்த அக்டோபரில் புதுச்சேரிக்கு வந்த நேரு, பாரிஸுக்கே போய் வாதாடும்படி சுப்பையாவிடம் சொன்னார். சுப்பையா போனார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதியிட்ட ஆணை பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டத்தைத் தந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே முதன்முதலில் இங்கேதான் என்று புதுவைத் தொழிலாளர்கள் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதுண்டு. ஜூலை 30இல் ஆண்டுதோறும் அந்தப் பன்னிரண்டு பேருக்கு மாலை போடுகிறார்கள். பெரியவரும் போவாராம். “கால் வரலேன்னாலும் ஆட்டோ புடிச்சிப் போயிடுவேன்.”

சுப்பையாவின் வீடு வைசியாள் வீதியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி தொடர வேண்டும் என்று விரும்பிய கூட்டம் 1950 ஜனவரியில் அதைக் கொளுத்தியது. இந்தியா 1947 ஆகஸ்ட் 15இல் கொடியேற்றியபோது புதுச்சேரிக்கு அந்த நாள் வரவில்லை என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அரவிந்தருக்கு 75 வயது நிறைந்தது. திருச்சி வானொலி நிலையம் அவருடைய செய்தியை ஒலிபரப்பியது. தன் வாழ்வின் ஐந்து கனவுகளைப் பற்றிய செய்தி அது. ‘ஆர்யா’ போகாத வீடுகளுக்கும் வானொலி போனது. ஆனால், அந்தச் செய்தியை எழுதியவர் அமர்ந்திருந்த அறை பிரான்சின் மண்ணில் இருந்தது.

அந்த மண் கைமாறிய விதமும் யோசிக்க வைப்பது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் ஒரு கொட்டகையில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். முடிவு சரியானதே. ஆனால், வங்கத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949இல் ஒவ்வொரு வாக்காளரிடமும் நேரடியாகக் கேட்டார்கள். இங்கே ரோடியர் மில் தொழிலாளியிடமோ மீனவப் பெண்ணிடமோ எவரும் சீட்டு நீட்டவில்லை. அவர்கள் சார்பில் 178 பேர் யோசித்தார்கள்.

யார் சார்பில் யார் யோசிப்பது

அந்தக் கேள்வி 1990களில் இதே ஊரில் மறுபடியும் சூடு பிடித்தது. ‘நிறப்பிரிகை’ இதழில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி முதலியோர் எழுதினார்கள். பிரெஞ்சுச் சிந்தனை மறுபடியும் புதுச்சேரிக்கு வந்தது, இந்த முறை ஆளுநர் மாளிகை வழியாக இல்லாமல் சிற்றிதழ் வழியாக. அதிகாரம் கோட்டையில் மட்டும் இல்லை, மருத்துவமனையிலும் பள்ளியிலும் பேச்சிலும் இருக்கிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பூக்கோ சொன்னதைச் சேரியைச் சுற்றியிருந்த கண்ணுக்குத் தெரியாத வேலியோடு பொருத்திப் பார்த்தார்கள். கடினமான தமிழ் என்று அப்போது திட்டியவர்களில் நானும் ஒருவன். இன்று பழைய இதழ்களைப் புரட்டும்போது, அந்தக் கடினம் ஒரு பகுதி அவசரம், ஒரு பகுதி அவசியம் என்று தோன்றுகிறது. இல்லாத சொற்களை ஒருவர் உருவாக்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

புதுவை அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்த ராஜ் கௌதமன் 1993இல் ‘தலித் பண்பாடு’ எழுதினார். அழுக்கு, அநாகரிகம், இழிவு என்று மற்றவர்கள் பெயர் வைத்த உணவையும் பேச்சையும் சடங்கையும் எடுத்து, இவற்றுக்குள் எதிர்ப்பு இருக்கிறது, வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று வாதிட்டார். கனகலிங்கத்தின் தோளில் விழுந்த பூணூலுக்கு எண்பது ஆண்டுகள் கழித்து வந்த பதிலாக நான் அதை வாசிக்கிறேன். உயர்ந்தது என்று சொல்லப்பட்டதை எங்களுக்கும் கொடு என்பது ஒரு கட்டம். உயர்வு எது என்று தீர்மானித்த தராசையே நிறுத்துப் பார்ப்பது அடுத்த கட்டம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது இரங்கல்கள் அவரை ஆய்வாளர், நாவலாசிரியர் என்று குறிப்பிட்டன. தத்துவவாதி என்று எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை நாம் இன்னும் வேட்டிக்கும் காவிக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்கும் மட்டும்தான் கொடுக்கிறோம்.

மில்கள் இப்போது இல்லை. ரோடியர் மில்லை 2011 கடைசியில் வந்த தானே புயல் உடைத்துப்போட்டது. 2020இல் அதிகாரபூர்வமாக மூடினார்கள். சவானா என்ற சுதேசி மில்லும், கெப்ளே மில்லாக இருந்து பாரதியின் பெயர் சூட்டப்பட்ட ஸ்ரீ பாரதி மில்லும் அதே ஆண்டு மூடப்பட்டன. 2023 ஏப்ரல் 21இல் பக்கத்துத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஆலைகளில் பன்னிரண்டு மணி நேரம்வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பத்தே நாட்கள். அந்தப் பத்து நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் முதலீடு, போட்டி, நெகிழ்வுத்தன்மை என்று பலர் பேசினார்கள். ஒரு மனிதனின் ஒரு நாள் யாருக்குச் சொந்தம் என்ற அடிப்படைக் கேள்வியை ஓரிருவரே எழுப்பினார்கள். 1936இல் புதுச்சேரி மில் வாசலில் அது சாதாரணமாகக் கேட்கப்பட்ட கேள்வி.

பாரதி நினைவகத்துக்குப் போன அன்று மாலை வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே நடந்தேன். மஞ்சள் சுவரும் போகன்வில்லாவுமாகச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் தெரு. ஓர் உணவகத்தின் வாசலில் காவலாளி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நீல நிறச் சீருடை, கழுத்துவரை பொத்தான். உட்கார நாற்காலி இல்லை. காலையில் எட்டுக்கு வந்தாராம், ராத்திரி எட்டுக்கு மாற்று ஆள் வருவாராம். பாகூர்ப் பக்கம் ஊர். பஸ்ஸில் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும்.

“எட்டு மணி நேர வேலைங்கிற சட்டம் இந்த ஊர்லதான் ரொம்ப சீக்கிரமா வந்தது, தெரியுமாண்ணே?” என்றேன்.

“நம்ம ஊர்லயா சார்?” என்று நம்பாமல் பார்த்தார். வருஷத்தைக் கேட்டார், சொன்னேன். ஒரு கார் வந்து நிற்க, ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“சரி சார், அதை எப்படி வாங்குனாங்க?”

சவானா மில்லில் தொடங்கினேன். அடுத்த கார் வரும்வரை நேரம் இருந்தது.